மறைந்தாரைப் பேசும் நாவறம்



நீரை வடிகட்டிப் பருகும் மரபினர் நாம். கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்க்கும் ஊறு நேரலாகாது என்பதற்காக, இருமடித்த துணியில் நீரை வடித்து, துணியில் தங்கிய உயிர்களை மீண்டும் அந்நீர்நிலையிலேயே விட்டுவரும் ஒழுக்கத்தை நம் பாட்டியர் நமக்குக் கற்பித்தனர். வந்தவாசி, திண்டிவனம், ஆரணி வட்டாரச் சிற்றூர்களிலிருந்து பிழைப்பை நாடி அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் பூவிருந்தவல்லிக்கும் குடிபெயர்ந்த பின்னரும், கிணறு போய்க் குழாய் வந்த பின்னரும், குழாயின் வாயில் துணி கட்டும் வழக்கத்தை நம் இல்லங்கள் பல கைவிடவில்லை. அது நமக்குப் பெருமையே. ஆனால் நீருக்குத் துணி கட்டிய நாம், சொல்லுக்கு என்ன கட்டியிருக்கிறோம்?

இக்கேள்வி எந்நாளும் கேட்கத் தக்கது. எனினும் புகழ்பெற்ற ஒருவர் திடீரென மறையும் நாளில் இதைக் கட்டாயம் கேட்டாக வேண்டும். அன்றைக்குத்தான் நம் நா மிகவும் அவிழ்ந்து கிடக்கிறது. மறைந்தவர் விளையாட்டு வீரராயின் சொல்லவே வேண்டா. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் உணவுக்கூடத்தில், ஆவடி மின்தொடர் வண்டியில், பூவிருந்தவல்லிப் பேருந்து நிலையத்தில், நம் கைப்பேசியின் குடும்பக் குழுக்களில் எங்கும் அதே பேச்சு. அவர் எப்படி இறந்தார், ஏன் இறந்தார், என்ன குடித்தார், எவ்வளவு கடன், உண்மையில் அவ்வளவு பெரிய வீரர்தாமா என்று ஆளுக்கொரு தீர்ப்பு. நேற்றுவரை அவர் ஆடியதைக் கண்டு கைதட்டியவர்களே இன்று அவருக்கு நீதிபதிகளாகிவிடுகிறோம். இது குறித்து நம் ஆசாரியர்கள் காட்டிய நெறியை இவ்விதழில் சற்றே விரிவாகச் சிந்திப்போம்.

ஒரு மறைவும் ஒரு கேள்வியும்

2022ஆம் ஆண்டு மார்ச்சு 4ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் பழைய விக்கெட் காப்பாளர் ராட் மார்ஷ் காலமானார். அவருக்காக வருந்தி அன்று இரங்கல் எழுதியவர்களுள் சுழற்பந்து வீச்சாளர் ஷேன் வார்னும் ஒருவர். அதே நாளில், தாய்லாந்தின் கோ சமூய் தீவில் தங்கியிருந்த வார்ன் தம் 52ஆம் வயதில் உயிர் நீத்தார். காலையில் இரங்கல் தெரிவித்தவருக்கு இரவில் உலகம் இரங்கல் தெரிவித்தது. பன்னிரண்டு அனுப்பிரேட்சைகளுள் முதலாவதாக நிலையாமையை வைத்த நம் முன்னோரின் நுண்ணறிவுக்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

வார்ன் நம் சென்னைக்குப் புதியவர் அல்லர். 1998இல் சேப்பாக்கத்தில் சச்சின் டெண்டுல்கருக்கும் அவருக்கும் நடந்த போட்டியை நம்மில் மூத்தோர் பலர் நினைவில் வைத்திருப்பர். 2004 அக்டோபரில் அதே திடலில்தான் அவர் முத்தையா முரளிதரனின் 532 விக்கெட்டுகளைக் கடந்து, டெஸ்ட் ஆட்டங்களில் மிகுதியான விக்கெட்டுகளை வீழ்த்தியவர் என்னும் நிலையை அடைந்தார். பின்னர் அந்நிலை மீண்டும் முரளிதரனுக்கே சென்றது. 145 டெஸ்ட் ஆட்டங்கள், 708 விக்கெட்டுகள் என்பது வார்ன் விட்டுச் சென்ற கணக்கு.

அவர் மறைந்த ஓரிரு நாட்களுக்குள் தொலைக்காட்சி ஒன்றில் நம் நாட்டின் பெரும் ஆட்டக்காரர் சுனில் கவாஸ்கரிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டது. சுழற்பந்து வீச்சாளர்களுள் வார்ன்தாம் எக்காலத்தும் தலைசிறந்தவரா என்பது அக்கேள்வி. தம் கணிப்பில் இந்தியச் சுழற்பந்து வீச்சாளர்களும் முரளிதரனும் அவருக்கு மேலானவர்கள் என்று கவாஸ்கர் விடையிறுத்தார். இந்தியாவுக்கு எதிராக வார்னின் ஆட்டம் அத்துணைச் சிறப்பாக இல்லை என்பதையும் காரணமாகக் காட்டினார். அவர் சொன்னது பொய்யன்று. இந்தியாவுக்கு எதிரான 14 டெஸ்ட் ஆட்டங்களில் வார்ன் எடுத்தவை 43 விக்கெட்டுகளே. ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 47 ஓட்டங்களை விட்டுக்கொடுத்தார். அவருடைய மொத்தக் கணக்கிலோ ஒரு விக்கெட்டுக்கு 25 ஓட்டங்களே. எண்கள் கவாஸ்கர் பக்கமே இருந்தன.

ஆயினும் அச்சொல் பலர் நெஞ்சைச் சுட்டது. இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் கண்டனங்கள் எழுந்தன. சில நாட்களில் கவாஸ்கர் தாமே முன்வந்து, தாம் கூறியது தம் நேர்மையான கருத்து என்றும், ஆனால் ஒப்பீடு செய்வதற்கு அது உரிய நேரம் அன்று என்றும், அக்கேள்வி கேட்கப்பட்டிருக்கவும் வேண்டா, தாம் விடை கூறியிருக்கவும் வேண்டா என்றும் பொருள்பட விளக்கினார். வார்ன் ஆட்டத்தின் மாபெரும் வீரர்களுள் ஒருவர் என்றும் எடுத்துரைத்தார். கருத்தை மாற்றாமலே, அதைச் சொன்ன காலம் பிழை என்று ஏற்ற அந்தப் பண்பை நாம் போற்ற வேண்டும். நாள்தோறும் பிரதிக்கிரமணம் செய்யக் கடமைப்பட்ட நமக்கே அது எளிதில் கைவராத பண்பு.

பொய் கூறாத ஒருவர் எதற்காக விளக்கம் கூற நேர்ந்தது? இதற்கு விடை நம் சிராவகாசார நூல்களில் உள்ளது. சமந்தபத்திராசாரியார் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அதன் வழியில் தமிழில் எழுந்த அருங்கலச் செப்பும் இல்லறத்தார்க்குரிய வாய்மை நோன்பை வரையறுக்கின்றன. பெரும் பொய்யைக் கூறாமையும் பிறரைக் கூறச் செய்யாமையும் அந்நோன்பின் ஒரு பாதி. பிறருக்கு இடர் விளைக்குமாயின் மெய்யையும் கூறாது விடுதல் மறுபாதி. திருக்குறளும், தீமை விளைக்காத சொல்லையே வாய்மையென இலக்கணம் வகுக்கிறது. நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறு கூறுதல் மட்டும் வாய்மை ஆகாது. கேட்கும் உயிரை அச்சொல் என்ன செய்கிறது என்பதும் வாய்மைக்குள் அடங்கும். அகிம்சையே வேர், வாய்மை அதன் கிளை.

கேட்கும் உயிர் எது?

இங்கு ஓர் ஐயம் எழலாம். மறைந்தவரின் உயிர் நம் சொல்லைக் கேட்கிறதா? கேட்காதாயின் அவரைப் பற்றி எது சொன்னால் என்ன?

நம் சமயம் இவ்வையத்திற்குத் தெளிவான விடை தருகிறது. உடலை நீத்த உயிர் வீட்டு வாயிலில் நின்று காத்திருப்பதில்லை. தன் வினைக்கேற்ற அடுத்த பிறவியிடத்தை மிகச் சில சமயங்களுக்குள் அது சென்றடைகிறது. சமயம் என்பது ஒரு கண்ணிமைப்பில் எண்ணற்றவை அடங்கும் அளவுக்கு நுண்ணிய காலக்கூறு. செய்தி நம் கைப்பேசிக்கு வருமுன்னரே அவ்வுயிர் போக வேண்டிய இடத்திற்குப் போய்விட்டது. நம் புகழுரை அதற்கு ஏணியாவதில்லை. நம் இகழுரை அதற்குத் தடையாவதுமில்லை. பிண்டமும் படையலும் இட்டு மறைந்தாரைக் கரையேற்றலாம் என்று நாம் கருதாததற்கும் இதுவே காரணம்.

ஆகவே மறைந்தவருக்கு மரியாதை என்பது நமக்கு ஆவி பற்றிய அச்சத்தினால் வருவதன்று. அம்மரியாதை இருவரைக் காக்கிறது. முதலாமவர், உயிரோடு இருந்து கேட்பவர். வார்னுக்குப் பெற்றோர் இருந்தனர். மக்கள் மூவர் இருந்தனர். எந்தக் குழந்தை தன் தந்தையின் பெயரை அன்றைய தினம் தேடிப் படிக்காது? படிக்கும்போது அக்குழந்தையின் கண்ணில் முதலில் படுவது எவருடைய சொல்? இன்று தொலைவு என்பதே இல்லை. அம்பத்தூரில் தட்டப்பட்ட ஒரு வரி மெல்போர்னில் ஒரு வீட்டுக்குள் நுழைய நொடிப்பொழுது போதும்.

இரண்டாமவர், பேசுகின்ற நாமே. உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் தாழ்ந்த கோத்திர வினை உயிரிடம் வந்து ஒட்டும் வாயில்களைக் கூறுகிறார். பிறரைப் பழித்தல், தன்னைப் புகழ்தல், பிறரிடம் உள்ள நற்குணத்தை மூடுதல், தன்னிடம் இல்லாததை உள்ளதாகக் காட்டுதல் என்பவை அவை. பழிக்கப்பட்டவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று அவ்வினை கேட்பதில்லை. பழித்த மனத்தின் கசடே அதற்கு ஈரம். தூசு ஒட்டுவதற்கு அவ்வீரம் போதும். உயிரோடு இருப்பவரைப் பழித்தால் அவர் மறுத்துரைக்கவாவது இயலும். நம் தவறு நமக்குத் தெரியவரும். மறைந்தவர் மறுத்துரையார். திருத்துவார் இல்லாத பழி வளர்ந்துகொண்டே போகும். வினையும் உடன் வளரும்.

மரணம் தீர்ப்பன்று

திடீர் மறைவின்போது நம்மிடையே மிக எளிதாக எழும் சொல் ஒன்று உண்டு: "அவர் செய்த வினை, அனுபவித்தார்." வினைக்கொள்கையை உடைய சமயத்தார் என்பதால் இச்சொல்லுக்கு நமக்கு உரிமை உண்டு என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் இவ்வாறு பேச மற்றெவரினும் நமக்கே உரிமை குறைவு. வினையின் கணக்கு எவ்வளவு நுண்ணியது என்பதை அறிந்தவர்கள் நாம் அன்றோ?

ஆயுள் வினை என்பது எட்டு வினைகளுள் ஒன்று. நம்மைப் போன்ற மக்களின் ஆயுள், நோய், விபத்து, நஞ்சு, பேரச்சம் முதலிய புறக்காரணங்களால் முன்னதாகவே கழிந்துவிடக் கூடும் என்று நம் நூல்கள் கூறுகின்றன. இளமையில் நேரும் மறைவு எல்லாம் இன்ன பாவத்தின் தண்டனை என்று அவை எங்கும் கூறவில்லை. ஓருயிர் எந்தப் பிறவியில் கட்டிய வினை எப்போது எவ்வாறு பயன் தருகிறது என்பதை முழுதுணர்ந்தவர் கேவல ஞானியர். பொறிகளின் வழியே அறியும் சிற்றறிவுடைய நாம், ஒருவர் நரகம் புகுந்தார் என்றோ தேவருலகு எய்தினார் என்றோ சொல்வது, அறியாததை அறிந்ததாகக் காட்டும் பொய்யே ஆகும்.

அந்நேர்காணலில், வாழ்வை முழுமையாகத் துய்த்து வாழ்ந்ததே வார்னின் இதயம் தாங்காமைக்குக் காரணமாகலாம் என்னும் பொருளிலும் ஒரு சொல் வந்தது. அது தீய எண்ணத்துடன் சொல்லப்பட்டது என்று நாம் கருதவில்லை. இத்தகைய சொல் நம் எல்லோர் வாயிலும் வருவதே. ஏன் வருகிறது என்று உள்நோக்கிப் பார்த்தால் ஒரு செய்தி புலப்படும். பக்கத்துத் தெருவில் நாற்பது வயதுக்காரர் ஒருவர் மாரடைப்பால் போனார் என்றதும், அவர் புகைத்தாரா, குடித்தாரா, கண்டதை உண்டாரா என்று கேட்கிறோம். ஆம் என்ற விடை வந்தால் நம் நெஞ்சில் ஒரு நிம்மதி. "நாம் அவ்வாறு செய்வதில்லை, நமக்கு நேராது." மறைந்தவர் மீது நாம் சுமத்தும் குற்றம், நம் மரண பயத்துக்கு நாமே போட்டுக்கொள்ளும் மருந்து. நிலையாமையை எண்ண வேண்டிய நேரத்தில், அவர் குற்றத்தை எண்ணி நம் நிலையாமையை மறக்கிறோம். இறப்புச் செய்தி நமக்குத் தர வந்த ஒரே பாடத்தை வாயிலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறோம்.

ஐந்து காவல்கள்

வாய்மை நோன்பு நிலைபெறுவதற்கு ஐந்து பாவனைகளைத் தத்துவார்த்த சூத்திரம் வகுத்துள்ளது. சினம், உலோபம், அச்சம், நகை ஆகிய நான்கையும் விடுதலும், ஆராய்ந்து பேசுதலும் அவை. நீருக்குக் கட்டிய துணியைப் போலச் சொல்லுக்குக் கட்டத் தக்க துணி இதுவே.

முதலாவது சினம். வார்னைப் பற்றிக் கவாஸ்கர் கூறியதைக் கண்டித்தவர்களுள் சிலர் கவாஸ்கரை இழிசொற்களால் ஏசினர். மறைந்தவருக்கு மரியாதை வேண்டி, உயிரோடு இருப்பவரின் மரியாதையைப் பறித்தனர். ஒருவருக்காகப் பரிந்து பேசும்போதும் சினம் சினமே. அது கட்டும் வினையும் வினையே.

இரண்டாவது உலோபம். செய்தி விற்போருக்குப் பார்வையாளர் வேண்டும்; ஆகவே சடலம் ஊர் திரும்புமுன்னரே ஒப்பீட்டுக் கேள்விகள் பிறக்கின்றன. நமக்கும் ஓர் உலோபம் உண்டு. குழுவில் முதலில் செய்தி போட்டவர் என்னும் பெயரை விரும்பும் சிறு பேராசை அது. பொருளாசையை அளவுபடுத்த நோன்பேற்றவர்கள் இச்சிற்றாசையைக் கவனியாது விட்டுவிடுகிறோம்.

மூன்றாவது அச்சம். மரண அச்சத்தைப் பற்றி மேலே கூறினோம். கூட்டத்தைப் பற்றிய அச்சமும் உண்டு. உடன் பணிபுரிவோர் எல்லோரும் மறைந்தவரை இகழும்போது, "இன்று வேண்டாம், விடுங்கள்" என்று சொல்ல நமக்கு நா எழுவதில்லை. சொல்லாத மௌனமும் அவ்விடத்தில் உடன்பாடாகிவிடுகிறது.

நான்காவது நகை. இறந்தாரை வைத்து வேடிக்கைப் படம் செய்து அனுப்புவது இன்று இளைஞரிடையே பரவிய ஒரு பழக்கம். அதைக் கண்டு சிரிப்பதும் மேலும் நால்வருக்கு அனுப்புவதும் செய்வித்தலும் உடன்படுதலுமாகி, செய்தலோடு ஒப்ப நிற்கின்றன. இதனை நம் பிள்ளைகளுக்கு இளமையிலேயே உணர்த்த வேண்டும்.

ஐந்தாவது ஆராய்ந்து பேசுதல். வார்ன் மறைந்த பிறகு அதன் காரணம் பற்றிப் பலவித ஊகங்கள் உலவின. இயற்கையான மரணமே என்பது பிணக்கூறாய்வின் முடிவு என்று தாய்லாந்துக் காவல்துறை மார்ச்சு 7ஆம் நாள் அறிவித்தது. இடையில் கழிந்தவை மூன்றே நாட்கள். அம்மூன்று நாட்கள் வாய் மூடியிருந்தவர்களுக்குப் பின்னர் திருத்திக்கொள்ள ஏதும் இல்லை. இதனினும் கொடியது 2023 ஆகஸ்டில் நிகழ்ந்தது. ஜிம்பாப்வே அணியின் பழைய தலைவர் ஹீத் ஸ்ட்ரீக் கடும் நோயுற்றிருந்தார். அவர் இறந்துவிட்டார் என்று ஆகஸ்டு 23ஆம் நாள் செய்தி பரவ, உலகெங்கும் இரங்கல் எழுதினர். தாம் உயிரோடு இருப்பதை அந்நோயாளியே எடுத்துச் சொல்ல வேண்டியதாயிற்று. அச்செய்தியால் அவர் மனம் வருந்தினார். செப்டம்பர் 3ஆம் நாள் தம் 49ஆம் வயதில் அவர் உண்மையாகவே மறைந்தார். எஞ்சிய பன்னிரண்டு நாட்களில் ஒரு நாளைத் தம் மரணச் செய்தியை மறுப்பதற்குச் செலவிட்டார். பகையால் எவரும் செய்ததன்று இது. ஆராயாத அன்பு செய்தது. அன்போடு சொன்னாலும் ஆராயாது சொன்ன சொல் புண்படுத்தும்.

குற்றத்தை மறைப்பதா?

"அப்படியாயின் இறந்தவர் எவராயினும் குற்றமே அற்றவர் என்று பாட வேண்டுமா? வரலாறு என்னாவது? நீதி என்னாவது?" என்று இளைஞர் கேட்பர். முறையான கேள்வி.

பொய்ப்புகழும் பொய்யே. அதை நம் அறம் கேட்கவில்லை. தடை செய்யப்பட்ட மருந்தை உட்கொண்டமைக்காக 2003இல் வார்ன் ஓராண்டு ஆட்டத்திலிருந்து விலக்கப்பட்டார் என்பது வரலாறு. வரலாற்று நூலில் அது இருக்கத்தான் வேண்டும். ஆனால் வரலாறு எழுதும் மேசை வேறு. துக்க வீட்டின் திண்ணை வேறு. திண்ணையில் அமர்ந்து வரலாறு எழுதுபவர் உண்மையில் வரலாற்றுக்காக எழுதுவதில்லை.

பேசியே ஆக வேண்டிய மறைவுகளும் உண்டு. 2022 நவம்பர் 15ஆம் நாள் சென்னையில் கல்லூரி மாணவியும் கால்பந்து வீராங்கனையுமான பிரியா தம் 17ஆம் வயதில் இறந்தார். மூட்டில் செய்யப்பட்ட அறுவை சிகிச்சைக்குப் பின் கால் அகற்றப்பட்டு, அதன்பின் உயிரும் பிரிந்தது. சிகிச்சையில் கவனக்குறைவு நேர்ந்ததென்று அரசின் விசாரணை கண்டது. மருத்துவர் இருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். அங்கே மக்கள் பேசாதிருந்தால் இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கும் அந்நிலை நேரலாம். ஆகவே அப்பேச்சு அகிம்சையின் பாற்பட்டது. அளவுகோல் எளியது: இச்சொல் இனி ஓருயிரைக் காக்குமா, அன்றி இருக்கும் உயிரைச் சுடுமா? காக்குமாயின் உரியவரிடம், உரிய முறையில், உரக்கவே கூறுக. சுட மட்டுமே செய்யுமாயின் விழுங்குக.

நம் நகரத்து ஒரு மறைவு

நம் நகரத்திலும் அத்தகைய ஒரு நாள் வந்தது. 2019 ஆகஸ்டு 15ஆம் நாள் சென்னையில் பழைய இந்திய ஆட்டக்காரர் வி.பி. சந்திரசேகர் தம் 57ஆம் வயதில் மறைந்தார். அவர் மறைந்த விதம் பற்றி முதலில் ஒரு செய்தி வந்தது. பின்னர் காவல்துறை வேறு விவரம் கூறியது. அவ்விடைவெளியிலும் அதன் பின்னரும் ஊர்வாய் ஓயவில்லை. அவ்விவரங்களை இங்கே எழுத வேண்டிய தேவை இல்லை. அவர் குடும்பத்தார்க்கு அவை தெரியும். நமக்கு அவற்றால் ஆவது ஒன்றுமில்லை.

நாம் நினைவிற்கொள்ள வேறு உண்டு. முப்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் தமிழ்நாடு ரஞ்சிக் கோப்பையை மீட்ட 1987–88ஆம் ஆண்டு அணியில் ஆடியவர் அவர். 1988இல் சேப்பாக்கத்தில் நடந்த இரானிக் கோப்பை ஆட்டத்தில் 56 பந்துகளில் நூறு ஓட்டங்கள் குவித்தவர். இந்திய அணிக்காக ஒருநாள் ஆட்டங்கள் ஏழில் ஆடியவர். பின்னாளில் இந்திய அணியின் தேர்வாளராகவும், சென்னை சூப்பர் கிங்ஸ் அணி 2008இல் உருவானபோது அதன் வீரர் தேர்வில் முக்கியப் பங்கு வகித்தவராகவும் விளங்கினார். ஒருவரின் ஐம்பத்தேழு ஆண்டுகளை விட்டு, கடைசி ஒரு நாளைக் கொண்டு அவரை அளப்பது என்ன நீதி?

நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் ஒன்றாக உபகூகனத்தை நம் நூல்கள் வைத்தன. பிறர் குறையை அம்பலப்படுத்தாது மூடிக் காத்தல் அது. நேர்பொருளில் அது அறவழியில் நடப்போர் தளர்ந்தபோது அவ்வழிக்குப் பழி வாராமற் காப்பது பற்றியது. ஆயினும் அதன் உள்ளம் பரந்தது. தளர்ந்தவனின் தளர்ச்சியை ஊர் பார்க்கக் கூடாது, உறவு பார்த்துத் தாங்க வேண்டும் என்பதே அவ்வுள்ளம்.

இதில் இன்னும் ஒன்று உண்டு; இதனைச் சிராவகர்கள் ஊன்றிக் கேட்க வேண்டுகிறோம். தொழில் நொடித்து, கடன்பட்டு, உறக்கமின்றி உழலும் மனிதர் நம் நடுவிலேயே இருக்கக் கூடும். தொழிற்பேட்டையில் சிறு பட்டறை நடத்துபவராக இருக்கலாம். நம் உறவினராகவும் இருக்கலாம். மறைந்த ஒரு வீரரைப் பற்றி நாம் கூடத்தில் அமர்ந்து, "கோழை", "கணக்குத் தெரியாதவர்", "குடும்பத்தை நினைத்தாரா?" என்றெல்லாம் பேசும்போது அவரும் அக்கூடத்தின் ஒரு மூலையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். தம் துன்பத்தை நம்மிடம் சொன்னால் நாம் என்ன சொல்வோம் என்பதை அன்றே அறிந்துகொள்கிறார். பிறகு அவர் வாய் திறப்பதில்லை. இரக்கத்தோடு பேசினோமாயின் அவர் ஒருவேளை நம்மிடம் வந்து, "மாமா, ஒரு நிமிடம் பேச வேண்டும்" என்பார். மறைந்தவரைப் பற்றிப் பேசும் சொல்லால், மறையாமல் காக்கத் தக்க உயிர் ஒன்று உண்டு. இந்நாவறத்தின் மிகப் பெரிய பயன் இதுவே.

நால்வகைப் பாவனை

எவ்வாறு பேசுவது என்பதற்கும் நெறி உண்டு. சாமாயிகத்தின்போது நாம் நாள்தோறும் எண்ணும் நான்கு பாவனைகளே போதுமானவை. எல்லா உயிர்களிடத்தும் நட்பு, குணத்தால் உயர்ந்தாரிடத்து உவகை, துன்புறுவாரிடத்து இரக்கம், நெறி பிறழ்ந்தாரிடத்து நடுநிலை. மறைந்த வீரர் எந்நாட்டவராயினும் எச்சமயத்தவராயினும் நட்போடு நினைக. அவருடைய ஆற்றலையும் உழைப்பையும் உவகையோடு பேசுக. அவர் குடும்பத்தை இரக்கத்தோடு எண்ணுக. அவரிடம் குறை இருந்ததாயின் அங்கே விருப்பும் வெறுப்பும் இன்றி நடுநிலையில் அமைதி காக்க. நான்கும் ஒருவரிடமே பொருந்தும் நேரம் இரங்கல் நேரம்.

இதனை இல்லத்தில் பயில்வது அரிதன்று. இறப்புச் செய்தி வந்தவுடன் விரல் கைப்பேசிக்குப் போகுமுன் ஒன்பது முறை ணமோகார மந்திரம் கூறுக. அதற்குள் செய்தி ஓடிவிடாது. குடும்பத்தாரோ உரிய அலுவலரோ கூறும்வரை மரணத்தின் காரணத்தைப் பேசாதிருக்க. சடலத்தின் படத்தையும் விபத்தின் படத்தையும் எவருக்கும் அனுப்பாதிருக்க. துக்கம் கேட்கச் செல்லும் வீட்டில் "எப்படி நேர்ந்தது?" என்று துருவாமல், அவர்கள் தாமே சொன்னால் கேட்க. பிள்ளைகள் அவ்வீரரைப் பற்றிக் கேட்டால், அவர் எத்துணை நாள் பயின்றார், எத்துணை முறை தோற்று எழுந்தார் என்பதைச் சொல்லுக. தசலட்சணப் பருவத்தின் முடிவில் நாம் எல்லா உயிர்களிடமும் மன்னிப்பு வேண்டுகிறோம். உயிரோடு இருப்போர் நம்மை மன்னிப்பர். மறைந்தவரிடம் நேரே சென்று மன்னிப்புப் பெற வழி இல்லை. ஆகவே அவரிடத்து மன்னிப்பு வேண்டாத வகையில் பேசுதல் ஒன்றே வழி.

நம் இல்லங்களில் நீர் வடிகட்டும் துணியை நாளும் துவைத்து உலர்த்துகிறோம். சொல்லை வடிகட்டும் துணியும் நாளும் பேணத் தக்கதே. அடுத்த முறை புகழ்பெற்ற ஒருவரின் மறைவுச் செய்தி நம்மை வந்தடையும்போது, அவர் உயிர் நமக்கு எட்டாத் தொலைவு சென்றுவிட்டது, அவரைச் சார்ந்தோர் நம் சொல் எட்டும் தொலைவில் இருக்கின்றனர், நம் வினையோ நம் நாவின் நுனியில் இருக்கிறது என்பதை நினைவிற்கொள்வோமாக.

அறம் வளர்க! எல்லா உயிர்களும் இன்புறுக!